தங்கள் கீழ்ப்படிதலுள்ள இங்கிலீஷ்

நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் ஒப்பாரி வைக்கிறார்கள். வரவில்லை என்று யார் சொன்னது? ஒரு இங்கிலீஷ் நன்றாகவே வரும். எந்தச் சேரிக்கும் போய் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை நடுராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று பிடித்து, 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்' வழியாக ஓடி, 'யுவர்ஸ் ஒபீடியண்ட்லி'யில் போய்த்தான் மூச்சு விடும். ஒரு எழுத்து பிசகாது. அப்பன் ஆத்தாவுக்குத் தெரியாத மொழியில் நம்ம பிள்ளை முதன்முதலாக எழுதுகிற கடிதம் இதுதான். அந்தக் கடிதம் பொய். பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு எழவும் இல்லை. மல்லாட்டை பிடுங்கப் போன ஆத்தாவோடு கொல்லைக்குப் போயிருக்கும். இல்லையென்றால் தம்பிப் பாப்பாவை வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கும். 'ஐ வெண்ட் டு வொர்க்' என்பது நாலே நாலு வார்த்தை. அதைச் சொல்லித்தர ஒரு வாத்தியாருக்கும் தோன்றவில்லை. வேலைக்குப் போனேன் என்று எழுதினால் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பதில் சொல்ல வேண்டியிருக்குமே. காய்ச்சல் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

பத்தாம் வகுப்புக்கு வந்தால் கடிதம் எழுதுவதற்கு மார்க் உண்டு. தேர்வு எழுதுவது யார் என்று திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதால் பெயர் வருகிற இடத்தில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊர் வருகிற இடத்தில் ஒய் ஒய் ஒய் என்று போடச் சொல்கிறார்கள். தேர்வுத் தாளில் அது நியாயம்தான். பெயரைப் பார்த்து ஊரைப் பார்த்து மார்க் போடுகிற கைகளை நாம் அறிவோம். ஆனால் வருசம் முழுக்க வகுப்பில் பழகும்போதும் அதே எக்ஸ் எக்ஸ் எக்ஸ்தான். நண்பனுக்கு எழுது என்பார்கள். நண்பனுக்கும் பெயர் கிடையாது. என்ன எழுதுவது? ஊட்டிக்குச் சுற்றுலா போய் வந்ததைப் பற்றி எழுது, பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதற்குப் பாராட்டி எழுது. போகாத ஊட்டிக்கு, இல்லாத நண்பனுக்கு, பெயரில்லாத ஒருத்தன் எழுதுகிற கடிதம். இப்படிப் பத்து வருசம் பழக்கிவிட்டு, கல்லூரிக்குப் போய் அரை வரி சொந்தமாக எழுதவில்லை என்று சிரித்தால் எப்படி?

இந்த ஒபீடியண்ட் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வெள்ளைக்கார அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதும்போது, தங்கள் மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியனாக இருக்கும் கௌரவம் எனக்கு என்று முடிப்பது அந்தக்கால வழக்கம். அது அவனுக்குச் சடங்கு. ஒருவரை ஒருவர் காலை வாரிக்கொண்டிருந்த கலெக்டர்கள்கூட அப்படித்தான் முடித்தார்கள். அவர்கள் பின்னாளில் அந்த வாலை வெட்டிக்கொண்டார்கள். நம்ம பள்ளிக்கூடம் வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்பதுதான் கேள்வி. இங்கே அதற்கு ஏற்கெனவே இடம் தயாராக இருந்தது. ஆண்டே என்றும் சாமி என்றும் எசமான் என்றும் குனிந்த முதுகுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது இந்த இங்கிலீஷ். வெள்ளைக்காரனுக்கு வாய்வார்த்தையாக இருந்தது நமக்கு நிஜமாகிப்போனது. 'ஐ ஹம்ப்ளி பெக் டு ஸ்டேட்' என்று எழுதுகிற வாத்தியார் வீட்டுப் பையனுக்கு அது பரீட்சைக்கான வாக்கியம். அதே வாக்கியத்தை எழுதுகிற நம்ம பையனுடைய தாத்தன் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றவன்.

மனு எழுதுவதைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. மனு போட்டுத்தான் நாம் பலதையும் வாங்கினோம். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அது நடந்தால் சாதி இந்துக்களின் கைக்கே நிர்வாகம் போகும் என்று எதிர்த்து 1893-ல் ரெட்டமலை சீனிவாசன் ஆட்களின் கையெழுத்தைத் திரட்டி லண்டனுக்கு மனு அனுப்பினார். அது பணிந்து எழுதியதல்ல, குறுக்கே நின்று எழுதியது. பிறகு மனு என்ற சொல் நம்மிடம் தேய்ந்துபோய், பட்டா கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டு, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நீட்டுகிற தாளாகிவிட்டது. (அந்தப் பெயரும் பாருங்கள், மனு! வேறு சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.) நான் சொல்வது, மனுவைத் தவிர வேறு எதையும் எழுதத் தெரியாதவர்களாக நம்மை வைத்திருப்பதைப் பற்றி.

வேறு என்ன எழுத வேண்டும் என்கிறீர்களா? சாதாரண மெயில். இங்கிலீஷில், சொந்த விஷயமாக, ஆறேழு வரி. நல்லா இருக்கியா, நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்குக் கால்வலி தேவலை. போன வாரம் மழை, வேலை இல்லை. நீ எடுத்த போட்டோவை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது, அடுத்த வாரம் நீ வா. இவ்வளவுதான். இதில் என்ன அரசியல் இருக்கிறது, போயும் போயும் நலம் விசாரிக்கிறதுக்கு ஒரு கட்டுரையா என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குச் சாவித்திரிபாய் புலேயை நினைவுபடுத்துகிறேன். 1856-ல் தாய்வீட்டில் உடம்பு தேறிக்கொண்டிருந்தபோது ஜோதிபாவுக்கு மராத்தியில் ஒரு கடிதம் எழுதினார். உடம்பு இப்போது எப்படி என்று தொடங்கி, மகர்களுக்கும் மாங்குகளுக்கும் பாடம் சொல்லித் தருவதற்காகத் தன் சகோதரன் திட்டியதையும் அதற்குத் தான் கொடுத்த பதிலையும் சொல்கிறது அந்தக் கடிதம். பெண்சாதி புருசனுக்கு எழுதிய வீட்டுக் கடிதம்தான். இன்றைக்கு நமக்கு அது வரலாறு.

இந்த ஆறேழு வரியில் நம்ம பிள்ளை கற்றுக்கொள்வது இலக்கணத்தைவிடப் பெரிய விஷயம். 'ஐ' என்று தொடங்கிக் காய்ச்சல் இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கிறது. என்னால் முடியாது என்கிறது. அனுப்பு என்று கேட்கிறது. எப்போது வருவாய் என்று எதிராளியிடம் கேள்வி கேட்கிறது. இந்த நாலையும் ஊர்த்தெருவில் நின்று தமிழில் செய்து பாருங்கள், பல்லு இருக்காது. நம்ம தமிழில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறது. அறுபது வயது கிழவனைப் பத்து வயதுப் பொடியன் வாடா என்பான். கிழவன் அவனைச் சின்னய்யா என்பார். வினைமுற்றில்கூட யார் மேலே யார் கீழே என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் இருப்பது ஒரே ஒரு 'யூ'. கலெக்டருக்கும் யூ, கூட்டாளிக்கும் யூ. அந்த மொழிக்குள் வர்க்கத் திமிர் இல்லையா, நிறவெறி இல்லையா என்றால் இருக்கிறது, கொட்டிக்கிடக்கிறது. ஆனால் இந்த ஒரு வார்த்தையில் படிக்கட்டு இல்லை. நம்ம இங்கிலீஷ் வாத்தியார்கள் என்ன செய்தார்கள்? அந்த யூவுக்கு முன்னால் ஒரு ரெஸ்பெக்டட் சாரையும் பின்னால் ஒரு கைண்ட்லியையும் வைத்து, இடிந்துபோன படிக்கட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள்.

முகவரியையும் பேச வேண்டும். தபால் என்பது நமக்கு எப்படி வந்தது? 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்து 2006-ல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வில், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கிராமங்களில் தலித் வீடுகளுக்குக் கடிதம் கொண்டுவந்து கொடுப்பதில்லை என்று பதிவாகியிருக்கிறது. டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவது, ஊர் எல்லையில் நின்று கூப்பிடுவது, இதெல்லாம் நம்ம வாசகர்களுக்குப் புதுசில்லை. வேலைக்கான நேர்காணல் கடிதம் தேதி முடிந்தபின் வந்து சேர்ந்த கதை ஒவ்வொரு சேரியிலும் ஒன்று இருக்கும். கடிதத்தின் மேலே எழுதியிருக்கிற காலனி என்ற ஒரு வார்த்தை போதும், பிரிக்காமலே எல்லாம் தெரிந்துவிடும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் மெயில் முகவரியில் ஆரம்பத்திலிருந்தே தெரு கிடையாது. பெயர், நடுவில் ஒரு சுழி, கம்பெனி பெயர், தீர்ந்தது. தெருவுக்குள் வர யோசிக்கிற ஆள் யாரும் இடையில் இல்லை.

உடனே மெயிலில் சாதி ஒழிந்துவிட்டது என்று யாரும் பஜனை பாட வேண்டாம். அப்பா பெயர் என்ன, சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று மெயிலிலும் மோப்பம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. கதவு திறந்துதான் கிடக்கிறது, நம்ம பிள்ளைகள் அதன் வழியாக ஒரு நடை போகவில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். முப்பது வருசம் ஓடிவிட்டது. தமிழக அரசு 2011-லிருந்து மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது, நம்ம வீடுகளுக்கும் வந்தது. இப்போது செல்போன் இல்லாத வீடு இல்லை. போன் வாங்குகிற அன்றைக்கே கடைக்காரப் பையன் ஒரு மெயில் ஐடி போட்டுத் தருகிறான். அதன் பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஐடி இருக்கிறது, அதிலிருந்து ஒரு கடிதம்கூடப் போனதில்லை. பேங்க் விளம்பரமும் கடன் வேண்டுமா என்று கேட்கிற மெயிலும் வந்து குப்பையாகக் குவிந்துகிடக்கிறது. வாட்சப்பில்தான் பேசிக்கொள்கிறோமே என்பார்கள். நம்ம ஆட்களோடு பேச அது போதும். வெளியே, தூரத்தில், முகம் தெரியாத ஆளோடு பேச மெயில்தான் வேண்டியிருக்கிறது. அனுப்பிய தேதியோடு எழுத்தில் நிற்கும். நான் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை என்பதற்கு அத்தாட்சி இருக்கும்.

இதைச் சொன்னால் தமிழுக்குத் துரோகம் என்று கிளம்பி வருவார்கள். நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். தொல்காப்பியம் கிளவியாக்கம் வரைக்கும் எனக்கும் வரும். தமிழ் மேல் எனக்குக் கோபமில்லை. 1965-ல் மாணவர்கள் உயிரைக் கொடுத்து இந்தியை எதிர்த்தார்கள், அதன் பலனாக இங்கிலீஷ் ஆட்சிமொழியாக நீடித்தது. அப்படிக் காப்பாற்றிய இங்கிலீஷ் யார் வீட்டுக்குப் போனது? மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு கான்வென்ட் வழியாகப் போனது. நமக்குத் தமிழ்வழிப் பள்ளிக்கூடமும் லீவ் லெட்டரும் வந்தன. நம்ம பிள்ளை இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்கும்போது மட்டும் தாய்மொழிப் பற்று பொங்கி வருகிறது. இவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எந்த மொழியில் மெயில் எழுதுகிறார்கள் என்று ஒரு தடவை திறந்து காட்டட்டும், பிறகு பேசலாம்.

இந்தப் பக்கம் வேறொரு கோஷ்டி. உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பாங்கா என்ற கிராமத்தில் 2010-ல் ஆங்கில தேவிக்குக் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். கையில் பேனா, கீழே கம்ப்யூட்டர். சந்திரபான் பிரசாத் முன்னின்று செய்தது. மெக்காலே பிறந்தநாளையும் அவர் கொண்டாடுகிறார். அவருடைய ஆத்திரம் எனக்குப் புரிகிறது, அதில் பாதி என்னுடையதும்தான். ஆனால் சாமி வேண்டாம். நமக்கு இருக்கிற சாமிகள் போதும், இன்னொன்றுக்குப் படையல் வைக்க முடியாது. மண்வெட்டியைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தால் வரப்பு யார் வெட்டுவது? மெக்காலேவுக்கு மாலை போடவும் எனக்குக் கை வரவில்லை. மக்கள் எல்லோருக்கும் கற்பிப்பது நடக்காத காரியம், ஆள்பவர்களுக்கும் ஆளப்படுபவர்களுக்கும் நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு கூட்டத்தை உருவாக்கினால் போதும் என்றுதான் 1835 குறிப்பில் அவர் எழுதினார். அந்தக் கூட்டம் உருவானது. அது எந்தத் தெருவிலிருந்து உருவானது என்பதும் தெரியும். இன்றைக்கு வரைக்கும் நம்மைப் பற்றி உலகத்துக்குச் சொல்கிறவர்கள் அவர்கள்தான், உலகத்தைப் பற்றி நமக்குச் சொல்கிறவர்களும் அவர்கள்தான்.

முப்பது நாளில் இங்கிலீஷ் என்று போர்டு மாட்டியிருக்கிற கடைகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பழைய ஒபீடியண்டைக் கழற்றிவிட்டுப் புது ஒபீடியண்டை மாட்டுகிறார்கள். ஹம்ப்ளி பெக் போய், தாங்க்ஸ் ஃபார் திஸ் ஆப்பர்ச்சூனிட்டி வந்திருக்கிறது. இப்போது போனிலேயே ஏஐ இருக்கிறது, நாலு வார்த்தை தட்டினால் வழுவழுவென்று முழு மெயிலையும் எழுதித் தருகிறது. வங்கிக்கு எழுத, பில் தொகையைப் பற்றிப் புகார் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்மாவின் கால்வலியை அது எழுதாது. எழுதினாலும் அவளை ஒரு ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி ஆக்கிவிடும்.

சரி, எப்படித்தான் எழுதுவது? நம்ம ஆளே எழுதிக் காட்டியிருக்கிறார். 1946-ல் அம்பேத்கர் அமெரிக்காவிலிருந்த டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் பேரறிஞர் டு பாய்ஸ். அம்பேத்கர் 1913-லிருந்து 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியாவில் படித்தபோது இவரும் அதே ஊரிலிருந்து பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் சந்தித்ததில்லை. கடிதம் அதைத்தான் முதலில் சொல்கிறது: நேரில் பழக்கமில்லை, விடுதலைக்கு உழைக்கிற எல்லோரையும் போல உங்கள் பெயரை அறிவேன். அடுத்து, நான் தீண்டப்படாதவர்களில் ஒருவன், உங்கள் மக்களின் பிரச்சினையைத் தொடர்ந்து படித்து வந்திருக்கிறேன் என்று தன்னைச் சொல்கிறார். இரு மக்களின் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒரு வரி. அப்புறம் நேரே விஷயம்: உங்கள் மக்கள் ஐ.நா. சபைக்கு ஒரு மனு கொடுத்திருப்பதாகப் படித்தேன். நாங்களும் அப்படிச் செய்ய யோசிக்கிறோம். அதன் இரண்டு மூன்று பிரதிகள் கிடைத்தால் என் விலாசத்துக்கு அனுப்ப முடியுமா? கடிதம் முடிந்தது.

எம்.ஏ., பிஎச்.டி., டி.எஸ்சி., பார்-அட்-லா பட்டம் பெற்ற மனிதர் எழுதிய கடிதம். பட்டத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறார். கும்பிடவும் இல்லை, பீற்றிக்கொள்ளவும் இல்லை. நான் யார், உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், எனக்கு என்ன வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும். நம்ம பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த நாலு விஷயத்துக்கான வார்த்தைகள் இருக்கின்றன. நான் உட்கார்ந்து பார்த்ததில் அந்தக் கடிதத்தில் கடினமான சொல் என்று ஏதும் பெரிதாக இல்லை. டு பாய்ஸ் 1946 ஜூலை 31 தேதியிட்டுப் பதில் எழுதினார். அந்த மனுவை இணைத்து அனுப்பினார், இன்னொரு பெரிய அறிக்கை தயாராகிறது, வந்ததும் அனுப்புகிறேன் என்றார். உங்கள் பெயரையும் வேலையையும் அறிவேன், என் ஆதரவு உண்டு என்றும் எழுதினார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிரே உட்கார்ந்து டீ குடிப்பது போல இருக்கிறது. நடுவில் மெக்காலேயின் மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை. இதைப் பாடப்புத்தகத்தில் வைத்தால் என்ன? ஊட்டிச் சுற்றுலாவை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொல்லுங்கள்.

இது எதற்காக இவ்வளவு அவசரம் என்றால், நம்ம வீட்டுச் சரக்கு இங்கிலீஷில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992-ல் தமிழில் வந்தது, 2000-ல் இங்கிலீஷில் போனது, உலகம் படித்தது. நல்ல காரியம். ஆனால் புத்தகமாக வராத சரக்கு எவ்வளவு? தில்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அக்கா என்கிறார்கள், ரெக்கார்டரை வைக்கிறார்கள். நம்ம கிழவிகளின் ஒப்பாரி, நடவுப்பாட்டு, அடிபட்ட கதை, தீ வைத்த கதை எல்லாம் அதற்குள் போகிறது. விமானம் ஏறுகிறார்கள். பிறகு அந்தக் குரல் எங்கே இருக்கிறது, யார் கேட்கிறார்கள், நம்மைப் பற்றி என்ன எழுதினார்கள், ஒன்றும் தெரியாது. கேட்க நமக்கு வழியில்லை. வழி இருக்கிறது, விசிட்டிங் கார்டில் மெயில் முகவரி கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். எழுதத் தெரியாது என்ற தைரியத்தில்தான் கொடுக்கிறார்களோ என்னவோ.

நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சேரியின் சமுதாயக்கூடத்தில் வகுப்பு நடத்துகிறோம். அங்கே வருகிற ஒரு பையன், பாலிடெக்னிக் மாணவன், அப்படி ஒருவருக்கு எழுதினான். அவன் எழுதியது இதுதான், இங்கிலீஷில்: நீங்கள் மூன்று வருசத்துக்கு முன் எங்கள் ஊருக்கு வந்தீர்கள். எங்கள் பாட்டியின் பாட்டுகளைப் பதிவு செய்தீர்கள். தை மாசம் பாட்டி இறந்துவிட்டார். எங்களிடம் அவர் குரல் இல்லை. அந்தப் பதிவை அனுப்புங்கள். கீழே தன் பெயர், தன் ஊர். ஹேவ், ஹேஸ் இரண்டிலும் தகராறு இருந்தது, அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டோம். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. உன் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறது, இதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தது. பதிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பையன் அன்றைக்கே திருப்பி எழுதினான்: நான்தான் எழுதினேன், பதிவை அனுப்புங்கள். அடுத்த வாரம் பதினாலு பாட்டும் வந்து சேர்ந்தன. அவன் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சோறு பொங்கவில்லை.

வகுப்பில் நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதல் மாசம் சார், மேடம், கைண்ட்லி, ரெஸ்பெக்டட் நாலும் தடை. கூப்பிட வேண்டுமென்றால் டியர் போட்டுப் பெயரைச் சொல், இல்லையென்றால் ஹலோ போதும். பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் பிள்ளைகள் ரொம்பக் கூச்சப்படுகிறார்கள். நாக்கில் அல்ல, முதுகில் இருக்கிற கூச்சம் அது, போக நாளாகிறது. நேற்று என்ன செய்தாய் என்று ஐந்து வரி. வெண்ட், கேம், ஏட், சா, கேவ் என்று இறந்தகால வினைகள் ஒரு இருபது கைவசம் இருந்தால் ஒரு நாளை எழுதிவிடலாம். இல்லாததை எழுதக்கூடாது. ஆட்டுக்கறி தின்னாதவன் தின்றேன் என்று எழுதக்கூடாது, மாட்டுக்கறி தின்றவன் மாட்டுக்கறி என்றே எழுத வேண்டும். பீஃப் என்பதற்கு ஸ்பெல்லிங் கேட்டு ஒரு பெண் எழுந்து நின்றபோது வகுப்பே சிரித்தது, பிறகு எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு மெயிலிலும் எதிராளியிடம் ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும். சப்ஜெக்ட் என்ற இடத்தில் ரிக்வெஸ்ட் என்று போடாமல் என்ன சமாச்சாரமோ அதைப் போட வேண்டும். தப்பு வரும். திருத்துகிறோம், ஆனால் அனுப்பிய பிறகுதான். முதலில் திருத்தினால் அந்த மெயில் கிளம்பவே கிளம்பாது.

எங்களுக்கு இருக்கிற ஒரே பிரச்சினை, யாருக்கு அனுப்புவது என்பது. மெயில் என்றால் பதில் வர வேண்டும். பதில் வராத இடத்துக்கு நாலு தடவை எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் அலுத்துவிடும். இங்கேதான் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களோடு எனக்குச் சண்டை. நம்மில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இன்றைக்கு நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஐதராபாத்தில் இருக்கிறீர்கள், ஜே.என்.யூ.வில் இருக்கிறீர்கள், வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள். கருத்தரங்கத்தில் சபால்டர்ன் பேச முடியுமா என்று ஒன்றரை மணி நேரம் பேசுகிறீர்கள். அந்தச் சபால்டர்ன் போன ஆவணியில் உங்களுக்கு மூன்று மெயில் போட்டாள். என்ன படிக்கிறீர்கள், அங்கே குளிருமா, விடுதியில் என்ன சாப்பாடு என்று கேட்டிருந்தாள். நீங்கள் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்கிறீர்கள். டு பாய்ஸுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது, அவருக்கும் வேலை இருந்தது.

அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ரோஹித் வெமுலா எழுதிய இங்கிலீஷ் கடிதத்தை 2016 ஜனவரியில் நாடே படித்தது. அவர் செத்த பிறகு படித்தது. நாமும் அப்போதுதான் படித்தோம், கூட்டம் போட்டோம், பல மொழிகளில் பெயர்த்தோம். அதற்கு முந்தைய மாசம் துணைவேந்தருக்கு அவர் எழுதிய கடிதமும் இங்கிலீஷில்தான் இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போது அதை எத்தனை பேர் படித்தோம்? உயிரோடு இருக்கிற பிள்ளைகள் எழுதுகிற சாதாரண மெயிலுக்குப் பதில் போடும்படி கேட்கிறேன். அதில் தத்துவம் இருக்காது, மேற்கோள் காட்ட ஒரு வரி கிடைக்காது. வெள்ளாடு குட்டி போட்டது என்று இருக்கும்.

பதில் எழுதும்போது இலக்கணப் பிழையைச் சிவப்பில் காட்ட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அறிவுரை வேண்டாம், நன்றாகப் படி என்று எழுத வேண்டாம். அதைச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அவள் குளிருமா என்று கேட்டால் குளிரும், இல்லை என்று சொல்லுங்கள். ஆடு என்ன நிறம் என்று திருப்பிக் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு பிள்ளை, ஆறு வரி. எங்கள் ஊரில் சமுதாயக்கூடத்து மாடியில்தான் சிக்னல் கிடைக்கும், ஞாயிறு சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் வரிசையாக ஏறிப்போய் அனுப்புவார்கள். திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.